மூட்டையிலிருந்து எடுத்த பிடியரிசி

எங்கள் வீட்டில் பக்தி என் மனைவியின் இலாகா. கல்யாணமான புதிதிலேயே அப்படிப் பிரித்துக்கொண்டோம். கரண்ட் பில் கட்டுவது, சிலிண்டர் மாற்றுவது, ஸ்கூட்டருக்குக் காற்றடிப்பது, சொந்தக்காரர் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து நாலு பேரைச் சிரிக்கவைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஆண்டவரோடு பேசுவது அவள் பொறுப்பு. பாளையங்கோட்டையில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மணிச் சத்தத்துக்கு எழுந்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பத்தில்தான் நானும் பிறந்தேன். மணிச் சத்தத்துக்கு எழுந்து, மணியைப் பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்கிற கிளை எங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்கள் பக்கம் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்துவிடுவேன். பிரசங்கத்தில் நான் கண்ணயர்ந்த பகுதியை வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து அவள் சொல்லிவிடுவாள். பரலோகத்துக்கும் இப்படியே அவளை ஒட்டிக்கொண்டு போய்விடலாம், வாசலில் நிற்கிறவர் கேட்டால் நான் அவங்களோட வந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் ஐம்பது வயது தாண்டியும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடையில் அவளுக்கு மார்பில், வலது அக்குளை ஒட்டி, ஒரு கட்டி தட்டுப்பட்டது.

குளித்துவிட்டு வந்து சொன்னாள். வீட்டில் புளி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், எதையும் கலவரமில்லாமல் சொல்லிப் பழகியவள். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் மறுநாளே வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். தொட்டுப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, கட்டியை முழுதாக எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். எடுத்தார்கள். தையல் போட்டார்கள். வலது கையால் பாரம் தூக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்த கட்டி ஒரு சின்ன டப்பாவில் மதுரைக்குப் போனது. அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று அங்கிருந்து எழுதி வர நாளாகும், வந்ததும் போன் செய்வோம் என்றார்கள்.

நான் பயந்தேன். இதற்கு மேல் அதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை. போன் அடித்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவேன். ஒருநாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "எதுவானாலும் மறைக்காமச் சொல்லுங்கம்மா" என்றேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, எனக்குக் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளுக்கு நன்றியும் சொன்னேன். அவ்வளவு ஆறுதலான போன் அந்த வாரத்தில் வேறு வரவில்லை.

சென்னையில் இருக்கிற மகளிடம் சின்னக் கட்டி, எடுத்தாச்சு என்பதோடு நிறுத்தியிருந்தோம். மீதியை எழுதி வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது மனைவியின் உத்தரவு.

ஆகவே அடுப்பங்கரை என் கைக்கு வந்தது. சமையலை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். போனபிறகுதான் தெரிந்தது, என் மனைவி அந்த அறையில் இத்தனை வருஷமாக வேறு ஒரு வேலையையும் கூடவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முழங்கால் போட்டு, முக்காடு போட்டுச் செய்கிற ஜெபம் அவளிடம் கொஞ்சம்தான். மீதியை அவள் சமையலுக்குள் நுழைத்து வைத்திருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு வசனம். வெளியே போகிறவர்களுக்காகக் கதவைச் சாத்தும்போது கொண்டியில் கை வைத்தபடி ஒரு நிமிஷம். பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஆள்.

அது என்ன கணக்கு என்று கேட்டேன். கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாள்.

"ஒரு பாத்திரத்துக்கு ஒரு ஆளு. தேய்ச்சு முடிக்க வரைக்கும் அவங்கள நெனச்சுக்கிடணும். அவ்வளவுதான்."

சோற்றுப்பானை மகளுக்கு. குழம்புச் சட்டி அவள் தங்கச்சி குடும்பத்துக்கு. கரண்டிகள் அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு, கூட்டமாக. அப்போதைக்கு யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இட்லிக் கொப்பரை.

"நான்?" என்றேன்.

"பால் சட்டி."

"எனக்கு ஏன் பால் சட்டி?"

"அதான் தெனமும் அடிப்பிடிக்கும். ரொம்ப நேரம் தேய்க்கணும்லா."

அப்புறம், மறந்துவிட்டதைப் போலக் கடைசியில், சோறு வைக்கும்போது பிடியரிசி போட மறந்துவிடக் கூடாது என்றாள்.

பிடியரிசி எங்கள் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம். சோறு வைக்கிற ஒவ்வொரு வேளையும் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியை ஒரு துணிப்பையில் போட்டு வைப்பாள். மாதக் கடைசியில் அந்தப் பை கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்து வாசலில் அதை ஏலம் விட்டு, வருகிறதை இல்லாதவர்களுக்குச் செலவழிப்பார்கள். எங்கள் வீட்டுப் பை அரிசி மூட்டைக்கு மேலே ஆணியில் தொங்கும். அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அவள் எப்படிப் போடுகிறாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

முதல் நாள் அடுப்பைப் பற்றவைக்கப் போனால் எனக்கு ஒரு வசனமும் ஞாபகம் வரவில்லை. ஆண்டவரே என்று சொல்லி லைட்டரை அழுத்தினேன். பற்றவில்லை. மறுபடி ஆண்டவரே, மறுபடி ஒரு சொடுக்கு. இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சிலிண்டரைத் திறக்கவே இல்லை என்று கண்டுபிடித்தேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய ஆண்டவரேயைச் சொல்லி முடித்திருந்தேன்.

பிறகு அரிசி. சோற்றுக்கு உழக்கில் அளந்து கழுவி அடுப்பில் ஏற்றினேன். அப்புறம் மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டேன். போட்டுவிட்டு ஒரு நிமிஷம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கேட்கிறது என்ன, கொடுக்கிறது என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. மதுரையில் ஒரு கண்ணாடித் துண்டில் என் மனைவியின் சதையை வைத்து யாரோ குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நான் ஒரே ஒரு பிடி. இன்னொரு பிடி எடுத்துப் போட்டேன். மறுநாள் இரண்டு கையையும் சேர்த்து அள்ளினேன். அதற்கடுத்த நாள் கும்பாரமாக அள்ளினேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எந்தப் பாத்திரம் யாருக்கு என்று குழம்பினால் மறுபடி முதலிலிருந்து கழுவினேன். கதவுக் கொண்டியில் கை வைத்தபடி நிற்கும்போது வேறு நினைப்பு வந்துவிட்டால் கதவைத் திறந்து திரும்பவும் சாத்தினேன். எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, கதவு சரியாக மூடவில்லையா, ஆசாரியைக் கூப்பிடட்டுமா என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார். ஒன்றை விட்டுவிட்டால்கூட மதுரையில் அந்தக் கண்ணாடித் துண்டு மாறிவிடும் என்று எனக்குள்ளே எதுவோ சொல்லிக்கொண்டே இருந்தது. வெளியே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் அவரைப் பற்றிக் கல்யாண வரவேற்பில் நல்ல ஜோக்காகச் சொல்லியிருப்பேன்.

என் ஆபீஸ் ஜங்ஷனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஒருநாள் மத்தியானம் ஃபைலில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, காலையில் பிடியரிசி போட்டேனா என்று சந்தேகம் வந்தது. போட்ட மாதிரி இருந்தது. நேற்றுப் போட்டதுதான் ஞாபகத்தில் இருக்கிறதோ என்றும் இருந்தது. எழுதின வரியையே மறுபடியும் எழுதினேன். அடுத்த மேசைக்காரர், மேலப்பாளையத்துக்காரர், என்னோடு இருபது வருஷமாக ஒரே ஃபேன் காற்றைப் பங்கு போடுகிறவர், தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னவே, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

வெயில் என்றேன்.

"வெயில் எல்லாருக்கும்தான் அடிக்கு. வீட்டுக்குப் போயிப் பாத்துட்டு வாரும்வே. இங்கன நான் சொல்லிக்கிடுதேன்."

அவருக்கு விஷயம் தெரியும். அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மத்தியானத் தொழுகைக்கு எழுந்துகொண்டே, என் மனைவிக்காகவும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போகிறேன், உனக்கும் ஏதாவது வாங்கி வரவா என்பதைப் போல. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் போகிற வேகத்தில் பதற்றமே இல்லை. நானோ ஆற்றுப் பாலத்தில் அந்த உச்சி வெயிலில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஸ்கூட்டரை நெளித்து நெளித்து ஓட்டினேன். கீழே தண்ணீர் ஒதுங்கி நடுவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிடி அரிசிக்காக அதில் விழுந்து செத்திருந்தால் அவள்தான் என் குழியில் மண் போடுகிற கடைசி வேலையையும் ஒற்றைக் கையால் செய்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலோரம் படுத்திருந்தவள் என்ன என்று கேட்டாள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டேன் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூக்கு மேலதான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் அடுப்பங்கரைக்குப் போய், பையைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை பெண்கள் சங்கத்திலிருந்து பக்கத்துத் தெரு டீச்சரம்மா வந்தார்கள். ரிட்டயரானவர்கள். என் மனைவியால் நடந்து போக முடியாது என்று பிடியரிசியை வாங்கிப்போகவும் அவளைப் பார்த்துப்போகவும் சேர்த்து வந்திருந்தார்கள். பார்த்துப் பேசிவிட்டு, ஆணியிலிருந்து பையை ஒரு கையால் எடுக்கப் போனார்கள். பை அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்கள். ஆணி சுவரிலிருந்து வெளியே வந்தது.

"ஏ தம்பி, இது பிடியரிசியா, பொண்ணு வீட்டுச் சீரா?"

நானே ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன் என்று அவர்களை அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தபோது மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"பிடியரிசியை எங்கேருந்து எடுத்தீங்க?"

"மூட்டையிலேருந்துதான். வேற எங்கேருந்து எடுக்க?"

"நம்ம சோத்துக்கு அளந்த அரிசியிலேருந்து எடுக்கலையா?"

அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். நமக்குத் தனியாக அளந்தேன், ஆண்டவருக்குத் தனியாக எடுத்தேன், ஒன்றில் கை வைத்து இன்னொன்றில் போட்டால் கணக்குக் குழம்பும் என்றேன். ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உடம்பைக் குறுக்கினாள். வலிக்கிறதாக்கும் என்று பதறி ஓடினேன். இடது கையால் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டையிலேருந்து அள்ளிப் போடுததுல என்ன இருக்கு? மூட்டை தீந்தா வேற மூட்டை வாங்குவோம். நமக்குன்னு அளந்தோம்லா, கழுவுததுக்கு முன்னால அதுலேருந்து ஒரு பிடி திருப்பி எடுக்கணும். நாம ஒரு பிடி கொறச்சுத் திங்கணும். அதுக்குத்தான் அது."

"ரெண்டு கையாலயும்லா போட்டேன்."

"அதான் கேக்கேன். ஆண்டவருக்கு என்னத்துக்கு லஞ்சம் கொடுக்கீங்க? ஒங்க ஆபீஸ்னு நெனச்சீங்களா?"

நான் ஒருநாளும் கை நீட்டினவனில்லை. ஆனால் கை நீட்டுவதை எட்ட இருந்து பார்த்துப் பழகியவன். மேலே ஒரு ஃபைல் போயிருக்கிறது, அது நமக்குச் சாதகமாக வர வேண்டும் என்றால் என்ன செய்வார்கள் என்பது என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மதுரைக்கு ஒரு ஃபைல் போயிருந்தது. நான் அள்ளிப் போட்டேன்.

"அப்ப இம்புட்டு நாள் போட்டது செல்லாதா?" என்றேன்.

ஜோக்காகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் குரல் உடைந்துவிட்டது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு ஜெபம் வர மாட்டேங்கு," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கட்டின்னு தெரிஞ்ச அன்னையிலேருந்து வரல. கண்ண மூடினா அந்தக் கட்டிதான் தெரியுது. வாயத் தொறந்தா ஒண்ணும் வரல. அதான் ஒங்களச் செய்யச் சொன்னேன். நீங்க அங்கன பாத்திரம் உருட்டுத சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இங்கன படுத்துக் கெடக்கேன்."

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. நான் அடுப்பங்கரையில் செய்வது வெறும் எடுபிடி வேலை, உள்ளறையில் அவள் சரியான முறையில் பேசிக்கொண்டிருக்கிறாள், என்னுடைய குளறுபடிகளை அவளுடைய ஜெபம் சரிக்கட்டிவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவன் விழித்துப் பார்க்கிறான், முன்னால் ஓட்டுகிறவர் இல்லை. வண்டி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

"அப்ப நம்ம வீட்ல யாரு..." என்று கேட்க வந்தேன்.

"நீங்கதான்."

"நான் ஒண்ணும் சரியாச் செய்யலையே."

"சரியாச் செய்ய வேண்டாம். சத்தமாச் செய்யுங்க. எனக்குக் கேக்கணும்."

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து சத்தமாகச் செய்தேன். கழுவும் இடத்துக்கு மேலே உள்ள ஜன்னல் அடுத்த வீட்டுப் பக்கம் திறக்கும். என் குரலோ கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்கும் கேட்கிற குரல். வேறு குரல் எனக்கு வராது. சோற்றுப்பானையைக் கையில் எடுத்து மகளுக்காகப் பேச ஆரம்பித்தால், அடுத்ததாக மணமக்களை வாழ்த்த வருபவர் என்று அறிவிக்கிற மாதிரியே வந்தது. அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். என் ஜெபத்துக்கு மரியாதை கொடுத்தார்களா, என்ன சொல்கிறேன் என்று கேட்கக் குறைத்தார்களா தெரியவில்லை. மைத்துனி குடும்பத்துக்காகக் குழம்புச் சட்டியைத் தேய்த்தபோது, அவள் வீட்டுக்காரர் என்னிடம் வாங்கிப்போய்த் திருப்பித் தராத துளையிடும் மெஷினைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். உள்ளே இருந்து ஒரு செருமல் கேட்டது.

பால் சட்டிக்கு வந்தபோது மாட்டிக்கொண்டேன். எனக்காக நானே சத்தமாக என்ன கேட்பது? குழாயைத் திறந்துவிட்டு, அடியில் கருகிப் பிடித்ததைச் சுரண்டிக்கொண்டே நின்றேன். நல்ல வார்த்தையாக எதுவும் வரவில்லை. கடைசியில், ஆண்டவரே எனக்குப் பயமாயிருக்கு என்றேன். ஊருக்கே கேட்கிற குரலில் சொல்லிவிட்டேன். டிவி சத்தம் சுத்தமாக நின்றுபோனது.

உள்ளறையிலிருந்து, "கேக்குது," என்றாள் அவள்.

பதில் ஆண்டவரிடமிருந்து வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு தூக்கிப்போட்டிருக்காது.

அதற்கப்புறம்தான் கவனித்தேன், அவளுக்கென்று ஒரு பாத்திரம் அந்த ஏற்பாட்டில் இல்லவே இல்லை. கேட்டதற்கு, தனக்குத் தானே எப்படி வைத்துக்கொள்வது என்றாள். நான் குக்கரைக் கொடுத்தேன். ஏன் குக்கர் என்று கேட்டாள். வீட்டில் எனக்கு அடுத்தபடியாகச் சத்தம் போடுவது அதுதான் என்றேன். அதைக் கழுவும்போது மட்டும் எனக்குச் சத்தம் வராது. வெயிட்டைத் தனியே கழற்றி, மூடி ரப்பரைக் கழற்றி, துளையில் ஊசி விட்டுப் பார்த்து, நேரத்தை இழுப்பேன்.

பிடியரிசியையும் முறைப்படி போட்டேன். அளந்த உழக்கிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுக்கும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன ஐயோ கேட்கிறது. கேவலமான ஐயோ. நாளைக்குப் பட்டினி கிடக்கப் போகிறவனைப் போன்ற ஐயோ. கும்பாரமாக அள்ளிப் போட்ட நாட்களில் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சாப்பிடும்போது மறுசோற்றுக்குக் கை நீட்டினால் பானையில் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவளுக்கு வைத்துவிட்டு நான் மோரை ஊற்றிக் குடித்துக்கொள்வேன்.

இதனால் பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் போகவில்லை. முன்பு அது வீடு முழுக்க அலைந்துகொண்டிருந்தது. இப்போது என்னோடு அடுப்பங்கரையில் நின்று வெங்காயம் உரிக்கிறது. பயத்துக்கு ஒரு கைவேலை கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எழுதி வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்றார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். டாக்டர் நேரில் சொல்லுவார் என்றார்கள். நல்லதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருக்க மாட்டார்களா என்று மேலப்பாளையத்துக்காரரை அழைத்துக் கேட்டேன். நேரில் வரச் சொன்னால் நேரில்தான் போக வேண்டும், அதில் என்னத்துக்கு அர்த்தம் பார்க்கிறீர் என்று திட்டினார். திட்டிவிட்டு அவரும் ஒரு மூச்சு விட்டார். அது எனக்குக் கேட்டது.

ஆட்டோவில் போனோம். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். முருகன்குறிச்சியில் சிக்னலுக்கு நின்றபோது, பள்ளிக்கூடம் திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா எல்லாம் மறந்துபோயிருக்கும் என்றாள். மூன்றாம் வகுப்பில் எதற்கு ஆனா ஆவன்னா என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா அறைக்கு வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா தஸ்பீஹ் ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டு, உதடு அசைய உட்கார்ந்திருந்தார்கள். மகனோ மருமகனோ மருந்துச் சீட்டோடு எங்கோ போயிருந்தான். உள்ளே இருந்து ஒருவரை அழைத்தார்கள், அடுத்தது நாங்கள்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஜெபம் பண்ணுங்க," என்றாள்.

"இங்கனயா?"

"சத்தமா வேண்டாம். எனக்குக் கேட்டாப் போதும்."

கண்ணை மூடினேன். எத்தனையோ மேடைகளில் குறிப்பில்லாமல் பேசியிருக்கிறேன். வந்திருப்பவர்களின் பெயர் தெரியாமலே அவர்களைப் புகழ்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியில் ஒரு வார்த்தை வரவில்லை. கழுவுகிற இடமாக இருந்தால் கையில் ஏதாவது ஒரு சட்டி இருந்திருக்கும். இங்கே கையில் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தேன். வாய் தானாகவே, சின்ன வயதில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது கடைக்குட்டி என்பதால் என் தலையில் கட்டியிருந்த ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தது.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்தை எங்களுக்குத் தந்தபடியால் ஸ்தோத்திரம். இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும்..."

பாதியில் தெரிந்துவிட்டது, என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. நிறுத்தவும் பயம். அரைகுறையாக விட்டு உள்ளே போனால் என்ன ஆகுமோ. ஆகாரம் இல்லாதவர்களுக்கும் கொடுத்து, உண்டது உடம்பில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டு, ஆமென் சொல்லி முடித்தேன். பக்கத்து நாற்காலி அம்மா மணியை உருட்டுவதை நிறுத்தி, மெதுவாக, ஆமீன் என்றார்கள். என் மனைவியின் பிடி என் கையில் குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். அப்படியே எழுந்து, அப்படியே உள்ளே போனோம்.

கெட்ட கட்டிதான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டோம், முழுதாக எடுத்தாகிவிட்டது, ஓரங்களில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் கதிர்வீச்சு, அதாவது கரண்ட், வைக்க வேண்டும். முடி கொட்டும், திரும்ப வளரும். பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிந்துவிடுமா என்று மனைவி கேட்டாள். முடியாது, இந்த வருஷம் பாதிக்கு மேல் லீவு சொல்லிவிடுங்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, ஏதாவது கேட்க வேண்டுமா என்று காத்திருந்தார். எல்லாரும் என் பக்கம் திரும்பிக் காத்திருப்பது எனக்குப் பழக்கமான விஷயம்தான். தேங்க்ஸ் என்றேன்.

வெளியே வந்தபோது மத்தியானம். மகளுக்கு போன் போடவா என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்லுவோம், பசிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. கூட்டமாக இருந்தது. மூலையில் இரண்டு இடம் கிடைத்தது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் பருப்பும் பொரியலும் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு இலையைப் பார்க்கவே பயமாக இருந்தது. முடி, மருந்து, கரண்ட், பாதி வருஷம் எல்லாம் அந்த இலையில் வரிசையாகப் பரிமாறி இருந்த மாதிரி இருந்தது. வேறு எதுவும் செய்யத் தெரியாமல் தலையைக் குனிந்து கண்ணை மூடினேன்.

"அதான் உள்ள போகும்போதே பண்ணியாச்சுல்லா," என்றாள் அவள். "சாப்பிடுங்க."

கண்ணைத் திறந்தேன். அவள் சோற்றில் பருப்பைப் பிசைய ஆரம்பித்திருந்தாள். சாம்பார் வாளியோடு வந்தவர் என் இலையில் ஊற்றிக்கொண்டே போதுமா சார் என்று கேட்டார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். இன்னொன்று. சாம்பார் சோற்றைச் சுற்றி ஏறி, இலை ஓரம் வரைக்கும் வந்து, மேசையில் இறங்க ஆரம்பித்தது. அவள்தான் கையை நீட்டிக் கரண்டியைத் தடுத்தாள்.

"போதும் அண்ணாச்சி. அவங்க கொஞ்சம் பயந்துபோயி இருக்காங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கேட்காமலே என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்துவிட்டுப் போனார்.

அதை அவள் எடுத்துக்கொண்டாள்.